யாழ்ப்பாணத்தில் கலை முயற்சிக்குப் பணம் திரட்டுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூத்துப் பழக்க, நாடகம் போட, கவிதைத் தொகுப்பு அச்சிட, ஓவியக் காட்சி வைக்க, குறும்படம் எடுக்க என்று யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கிளம்பும் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: காசுக்கு என்ன செய்வது? பெரும்பாலும் கைக்காசில் தொடங்குகிறார்கள். கைக்காசு முடிந்ததும் முயற்சியும் முடிகிறது. நல்ல திறமையுள்ள குழுக்கள் ஒரேயொரு மேடையோடு கலைந்துபோவது எனக்குப் பெரிய மனவருத்தம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் கலைக்குக் கொடுக்கும் கை எப்போதும் இருந்திருக்கிறது. ஆனால் அது கேட்கப்படும் விதம் ஒன்று இருக்கிறது. அதை அறியாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

படி 1: இங்கே காசு எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

கோயில் திருவிழாவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். அன்றைய பூசை, சாத்துப்படி, மேளம் எல்லாம் அவருடைய செலவு. வசதியுள்ள உபயகாரர் என்றால் இரவுக்கு இசைக்கச்சேரியோ நாடகமோ வைப்பார். அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில், நாதஸ்வரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தொழிலை விடாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாசித்து வளர்ந்தது இந்தக் கோயில் வீதிகளில்தான். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசை நாடகங்களை ஊர் ஊராக விடிய விடியப் பார்க்க வைத்ததும் பெரும்பாலும் கோயில் மேடைகளே.

உபயத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. நாள் குறித்தது. செலவு குறித்தது. கொடுத்தவரின் பெயர் ஊருக்குத் தெரியும். தன்னுடைய காசு எந்த மேளமாக ஒலித்தது என்று உபயகாரர் காதாரக் கேட்கிறார். நீங்கள் யாரிடம் எதைக் கேட்கப் போனாலும் இந்த மூன்றும் உங்கள் கோரிக்கையில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

கோயிலுக்கு வெளியேயும் இதே கை நீண்டிருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தன் செல்வத்தில் நிறுவினார். அந்தப் பரமேஸ்வரா வளாகத்தில்தான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. அவருடைய பெயரில் 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இசைக் கல்லூரி இன்று பல்கலைக்கழகத்தோடு இணைந்து இசையும் நடனமும் கற்பிக்கிறது. பொது நூலகமும் அப்படித்தான். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசிப்பு முயற்சியே ஊரார் ஆதரவோடு வளர்ந்து, 1959இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கட்டடத்தில் போய் முடிந்தது. 1981இல் எரிக்கப்பட்டது அந்த நூலகம்தான். வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவு இயக்கத்தின் சொத்து. ஒரு செல்வந்தர் பெரிய தொகை கொடுப்பது, பலர் சேர்ந்து சிறு தொகை போடுவது ஆகிய இரண்டும் இந்த ஊருக்குப் பழக்கமானவை.

படி 2: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

"கலையை வளர்க்க உதவுங்கள்" என்று கேட்டால் ஆயிரம் ரூபா கிடைக்கும். அதுவும் உங்கள் முகத்துக்காக. கொடுப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே, எப்போது, யார் யார், மொத்தம் எவ்வளவு, அதில் எவ்வளவு கையில் இருக்கிறது, இவரிடம் எதைக் கேட்கிறீர்கள். இவை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். மொத்தத் தொகையைக் காட்டி மலைக்க வைக்காமல், அவரால் முழுமையாக ஏற்கக்கூடிய ஒரு துண்டைப் பிரித்துக் காட்டுங்கள். உடுப்புச் செலவு ஒருவருக்கு, மண்டப வாடகை இன்னொருவருக்கு, மத்தளக்காரரின் வேதனம் மற்றொருவருக்கு.

நேரில் பேசும்போதும் அப்படியே. "ஐயா, ஏதும் பாத்துச் செய்யுங்கோ" என்று நிற்காதீர்கள். "அண்ணை, மத்தளம் வாசிக்கிறவருக்கு மூண்டு மாசம் பழக்கத்துக்கு வரவேணும். அவற்றை சம்பளத்தை நீங்கள் பொறுப்பெடுத்தால் மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கும் மரியாதை, கொடுப்பவருக்கும் மரியாதை.

படி 3: வரவுசெலவில் கலைஞரை முதல் வரியில் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுங்கள்.

எங்கள் நிகழ்ச்சிகளின் கணக்கு வழக்கமாக இப்படி இருக்கும்: மண்டபம், ஒலி ஒளி, பந்தல், அழைப்பிதழ், பனர், சிற்றுண்டி, பொன்னாடை, நினைவுச் சின்னம். எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகு ஆடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு கடித உறை. சில இடங்களில் அதுவும் இல்லை. "கலைச் சேவை" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ஒலிபெருக்கிக்காரரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. மேடையில் நிற்பவரிடம் மட்டும் ஏன் வருகிறது?

ஆகவே கணக்கைத் தலைகீழாக எழுதுங்கள். கூத்து என்றால் முதலில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மத்தளம், ஆர்மோனியம், தாளம், பாட்டுக்காரர். அடுத்து பழகும் நாட்களின் தேநீர், சாப்பாடு, இரவில் பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஓட்டோ. பிறகு உடுப்பும் ஒப்பனையும். அதற்குப் பிறகுதான் மண்டபமும் மற்றவையும். நடன அரங்கேற்றம் என்றால் பாட்டு, மிருதங்கம், வயலின் என்று அணிசெய் கலைஞர்களின் தொகையை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நூல் என்றால் அச்சகக் கொட்டேஷனுக்குப் பக்கத்திலேயே அட்டை ஓவியருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஒரு தொகை இருக்க வேண்டும். பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் ஒதுக்கிய காசு கலைஞர்களின் வேதனத்தை நெருங்கினால் அந்தக் கணக்கைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மொத்தத்தில் பத்து வீதத்தை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியபோது, கடதாசி விலையைக் கேட்டு அச்சுக்குப் போன நூல்களைத் திருப்பி எடுத்தவர்களை இந்த ஊர் அறியும். கொட்டேஷன் எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

படி 4: பெயரும் வங்கிக் கணக்கும்

தனிப்பட்டவரின் கணக்குக்குக் காசு வாங்காதீர்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மூன்றாம் மாதத்தில் கதை வரும்.

சிறிய குழுவுக்கு, உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்துக் கலைமன்றமாகப் பதிவுசெய்வதே சுலபமான வழி. ஒரு யாப்பு (மன்றத்தின் விதிமுறைகள்), நிர்வாகசபை விபரம், கூட்டக் குறிப்பு ஆகியவற்றைத் தயாராகக் கொண்டுபோங்கள். என்னென்ன படிவம் வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். செயலகத்துக்குச் செயலகம் சிறு வித்தியாசம் இருக்கும். பதிவோடு வங்கிக்குப் போய், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பமிடும்படி கணக்குத் திறவுங்கள். ஊரில் ஏற்கெனவே இயங்கும் சனசமூக நிலையம் உங்களை நம்பினால் முதல் வருடம் அதன் குடையின் கீழேயே செய்யலாம்.

வெளிநாட்டு நிறுவனங்களிடம் பெரிய தொகை எடுக்கும் எண்ணம் இருந்தால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வத் தொண்டு நிறுவனமாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதிய வேண்டிவரும். அதற்குச் சட்டத்தரணியும் வருடாந்தக் கணக்காய்வும் தேவை. முதல் முயற்சிக்கு இது வேண்டாம்.

கொடையாளிக்கு வரிச் சலுகை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இலங்கையின் வரிச் சட்டம் நன்கொடைக்குத் தரும் சலுகை முக்கியமாக நோயாளர், முதியோர், வறியோரைப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களைச் சுற்றியது. கலைமன்றம் அதற்குள் தானாக வந்துவிடாது.

படி 5: யாரிடம் போவது

உள்ளூரில் தொடங்குங்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள், புடவைக் கடைகள், மண்டப உரிமையாளர்கள், தனியார் கல்வி நிலையங்கள் எல்லாம் அனுசரணை தருபவர்கள்தான். ஆனால் அவர்களிடம் தினமும் யாராவது மலருக்கு விளம்பரம் கேட்டு வருகிறார்கள். காசுக்குப் பதில் பொருளாகக் கேட்டால் பலர் மனம் இளகும்: புடவைக் கடையிடம் உடுப்புத் துணி, அச்சகத்திடம் அழைப்பிதழ், உணவகத்திடம் பழகும் நாட்களின் சாப்பாடு. கடையில் கூட்டம் இருக்கும் நேரமும் பண்டிகைக்கு முந்திய வாரமும் போகாதீர்கள்.

அடுத்தது நினைவுக் கொடை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒருவர் காலமானால் 31ஆம் நாளில் நினைவு மலர் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தேவாரமும் தோத்திரமும் குடும்ப வரலாறும் கொண்ட அந்த மலருக்குக் குடும்பங்கள் மனமுவந்து செலவழிக்கின்றன. இந்த ஊரில் தனியார் செலவில் தொடர்ந்து அச்சேறும் நூல் வகை இதுவாகத்தான் இருக்கும். இந்த மனநிலையைக் கலைப்பக்கம் திருப்பலாம். காலமானவர் ஆசிரியராகவோ, கூத்தாடியவராகவோ, நல்ல இரசிகராகவோ இருந்தால் அவர் பெயரில் ஓர் ஊரின் பழைய கூத்துக் கொப்பியை, அதாவது கூத்துப் பாட்டுக்களைக் கையால் எழுதிவைத்த பிரதியை, பதிப்பிக்கலாம். முதிய அண்ணாவியார் ஒருவரின் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்யலாம். பழைய கொப்பிகள் கறையான் அரித்துப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இதைவிடப் பயனுள்ள நினைவுச் சின்னம் எனக்குத் தோன்றவில்லை. பதிப்பித்ததை 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்துவிடுங்கள். எல்லோரும் இலவசமாக வாசிக்கலாம்.

ஆனால் செத்தவீட்டிலோ 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் முன்னரோ இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. ஆண்டுத் திவசத்துக்குச் சில மாதம் இருக்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய ஒருவரோடு வீட்டுக்குப் போங்கள். முதல் நாள் காசுக் கதையே வேண்டாம். அவரைப் பற்றிக் கேளுங்கள், பழைய படங்களைப் பாருங்கள். அவர்களே "என்ன செய்யலாம்?" என்று கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

படி 6: புலம்பெயர்ந்த ஊரவர்கள்

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பரந்திருக்கின்றன. பள்ளிக் கட்டடத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் கொடுத்துப் பழகியவர்கள். கட்டடம் கண்ணுக்குத் தெரியும். மூன்று மாதக் கூத்துப் பழக்கம் தெரியாது. ஆகவே அதைத் தெரியச் செய்வது உங்கள் வேலை. பழகும் களரியிலிருந்து இரண்டு நிமிட வீடியோவை வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். "இது இன்னாரின் பேரன், முதல் தடவை ஆடுகிறான்" என்று ஊர்க்காரருக்கு விளங்கும் ஒரு வரியோடு போடுங்கள்.

சங்கத்தில் ஒருவரை மட்டும் தொடர்பாளராக வையுங்கள். ஐந்து பேரிடம் தனித்தனியே கேட்டால் ஐந்து பேருக்கும் மனக்கசப்பு. அவர்கள் ஊருக்கு வரும் காலம் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய ஜூலை, ஓகஸ்ட் மாதங்களும் டிசம்பரும். அந்த நாட்களில் ஒத்திகைக்கு அழையுங்கள். பணம் வங்கி மூலமாகவே வரட்டும். உண்டியல் எனப்படும், வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் வழியில் நாலு காசு கூடக் கிடைத்தாலும் அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. கணக்குக் காட்ட முடியாத காசு கலைமன்றத்துக்கு ஆபத்து.

படி 7: நிறுவனங்களும் தூதரகங்களும்

இங்கே விண்ணப்பம்தான் வழி. பிரிட்டிஷ் கவுன்சில், கொழும்பு கோதே நிறுவனம், யாழ்ப்பாணத்தில் இயங்கும் இந்தியத் துணைத் தூதரகம் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். இந்தியாவில் இசை, நடனம் கற்க விரும்புவோருக்கு இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்களும் உண்டு. நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளவுஸ் நிதியம் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் இருக்கும் கலைஞர்களுக்கென 2021இல் 5,000 யூரோ விருதுகளை ஆரம்பித்தது. நிபந்தனைகள் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் ஆண்டில் அவர்களின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் வெளியிடுபவர்கள் தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையின் வெளியீட்டு உதவியை மறக்க வேண்டாம்.

நிறுவனக் காசில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. 2011இல் நோர்வேயின் ஆதரவோடு நடந்த யாழ்ப்பாண இசை விழா, 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா, இந்திய அரசின் நன்கொடையில் எழுந்து 2025இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட பண்பாட்டு மையம் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் திட்டக் காலம் முடிந்தால் காசும் முடியும். அவர்களின் முன்னுரிமை அடுத்த ஆண்டில் வேறு தலைப்புக்கு மாறலாம். அதற்கேற்ப உங்கள் கலையை வளைக்கத் தொடங்கினால் நீங்கள் விண்ணப்ப எழுத்தாளராகிவிடுவீர்கள். 1965இல் அருட்தந்தை மரியசேவியர் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர்க்காலத்திலும் நாடகம் போட்டு நின்றதற்குக் காரணம், தங்கள் வேலை எது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவு என்றே நான் நம்புகிறேன். முதலில் வேலை, அப்புறம் அதற்குப் பொருந்தும் நிதி.

படி 8: நிபந்தனைகளை வாசியுங்கள், சிலவற்றை மறுங்கள்

பெயர் போடுவது, மேடையில் மரியாதை செய்வது, மலரில் படம் போடுவது, இவையெல்லாம் நியாயமானவை. மனதாரச் செய்யுங்கள். தன் மகளுக்கே முக்கிய பாத்திரம் வேண்டும், பிரதியில் இந்தக் காட்சியை எடு, தேர்தலுக்கு முன்பு எங்கள் கட்சிக்காரர் பேச வேண்டும் என்று வந்தால், நன்றி சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுங்கள். பொருளாளர் முகம் சுருங்கும். பரவாயில்லை.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் கொடை எல்லாக் கலைகளுக்கும் ஒரே அளவாகப் போவதில்லை. பரதத்துக்கும் கர்நாடக இசைக்கும் சுலபமாகத் திறக்கும் கை, பறைக் கலைஞருக்கும் ஒடுக்கப்பட்ட ஊர்களின் கூத்துக்கும் தயங்குகிறது. காரணம் சாதி. நீங்கள் காசு திரட்டும் இடத்தில் இருந்தால் அந்தத் தயக்கத்தைக் கடந்து கேட்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. பறை வாசிப்பவரை ஊர்வலத்தின் முன்னால் நடக்கவிட்டுவிட்டுக் கணக்கில் அவர் பெயரை விடுவது அநியாயம். மிருதங்கத்துக்கு எந்தத் தொகையோ அதே தொகையை அவருக்கும் எழுதுங்கள்.

படி 9: நிகழ்ச்சி நாள்

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, நாடகமென்றால் பிரதிக்கான அனுமதி, நுழைவுச்சீட்டு விற்பதென்றால் உள்ளூராட்சி சபையில் களியாட்ட வரி பற்றிய விசாரிப்பு. மூன்றையும் நன்றாக முன்கூட்டியே முடியுங்கள்.

நூல் வெளியீட்டில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் விலையைவிடக் கூடுதலாக உறையில் வைத்துத் தருவது எங்கள் வழக்கம். அச்சுச் செலவில் கணிசமான பகுதி அன்று மாலையே திரும்பி வருவதும் இதனால்தான். சிறப்புப் பிரதிக்கு அழைப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். மேடையில் திடீரெனப் பெயர் கூப்பிட்டால் சிலர் சங்கடப்படுவார்கள். உறைகளை வாங்க நம்பிக்கையான இருவர் ஒரு மேசையில் இருக்கட்டும். பெயரும் தொகையும் கொப்பியில் ஏறட்டும். அன்றிரவே இருவரும் எண்ணிக் கையொப்பமிட வேண்டும்.

கலைஞர்களின் தொகையை நிகழ்ச்சி முடிந்ததும் உடுப்பு மாற்றும் இடத்திலேயே கொடுங்கள். "நாளைக்கு வாங்கோ" என்று ஒருவரைத் திரும்பி வரவைக்க வேண்டாம்.

படி 10: கணக்கு

ஒரு மாதத்துக்குள் வரவுசெலவை ஒரு தாளில் அச்சிட்டு, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். ஐந்நூறு ரூபா தந்தவருக்கும் அனுப்புங்கள். நட்டம் என்றால் நட்டம் என்றே எழுதுங்கள். அவரவர் காசு எதற்குப் போனது என்பதைப் பெயரோடு காட்டி, ஒரு நல்ல புகைப்படமும் வையுங்கள். அடுத்த வருடம் அதே படியை ஏறும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சிபாரிசுக் கடிதம் அந்தத் தாள்தான்.

மிச்சம் வந்தால் என்ன செய்வது? விருந்து வேண்டாம். உடுப்புத் திருத்தம், மத்தளத்துக்குத் தோல் போடுவது போன்ற அடுத்த வருடத் தேவைகளுக்கு ஒதுக்குங்கள். இரண்டு மூன்று வருடம் நன்றாக நடந்த பிறகு, ஒரு குடும்பம் நிரந்தரமாக ஏதாவது செய்ய விரும்பினால் அவர்கள் பெயரில் நிலையான வைப்பொன்றை வங்கியில் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் இளம் கலைஞர் ஒருவருக்குப் பயிற்சிப் பணம் கொடுக்கலாம். ஞாபகார்த்தப் பதக்கங்களும் நினைவுப் பேருரைகளும் இப்படித்தான் நடக்கின்றன. 2022க்குப் பிறகு ரூபா வைப்பின் பெறுமதி எப்படிச் சுருங்கியது என்று எல்லோரும் பார்த்துவிட்டோம். ஆகவே வட்டியில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் முதலோடு சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குடும்பத்தில் ஒருவரும் மன்றத்தில் ஒருவரும் சேர்ந்துதான் அந்தக் கணக்கில் கையொப்பமிட வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள்.